வெட்ட வேண்டியது காகிதத்தை



ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்: "என் இரு பெண் பிள்ளைகளும் காகிதத்தில் பூவும் இலையும் வெட்டி ஒட்டித் தோட்டம் போல் வாழ்த்து அட்டை செய்கிறார்கள். கத்தாரில் இருக்கும் அவர்களது சாச்சா பூ வெட்டும் சிறிய இயந்திரம் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் முழு நேரமும் இதே வேலைதான். என் கணவரின் தாயாரோ, இது நமது பழக்கம் அல்ல, காசுக்கும் நேரத்துக்கும் கேடு என்று ஏசுகிறார். இது கூடுமா?"

சகோதரியே, முதியவரின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வீண்விரயம் பற்றிய அவரது அச்சம் நியாயமானது. ஆனால் அன்பளிப்புக் கொடுத்து ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரி கொடுப்பது ஓர் ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ணக்கூடாது என்று முஸ்லிம் பெண்களை விளித்தே சொல்லியிருக்கிறார்கள். பெருநாளன்று சந்தித்துக் கொண்டால் "தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்" என்று ஒருவருக்கொருவர் துஆச் செய்வது ஸஹாபாக்களின் வழக்கமாக இருந்தது. அந்த துஆவை வாயால் சொல்லலாம், எழுதியும் அனுப்பலாம். ஆகவே எழுதி அனுப்புவதில் குற்றமில்லை. அட்டையில் எதை வைக்கிறோம், யாருக்கு அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

தோட்டமும் நமது முன்னோரும்

காகிதத்தில் தோட்டம் வெட்டுவது அந்நியக் கலை என்று யாரும் நினைக்க வேண்டாம். உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில் துருக்கியில் இது பெரிய கலையாக வளர்ந்திருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கத்உ' என்ற அறபுச் சொல்தான். வெட்டுதல் என்பது அதன் பொருள். நுண்ணிய கத்தியால் எழுத்தணிகளையும் பூக்களையும் மரங்களையும் வெட்டி எடுத்து, வேறு நிறத் தாளில் ஒட்டுவார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த புர்ஸா நகரத்து ஃபக்ரீ என்பவர் காகிதத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றவர்.

'ஜன்னத்' என்ற சொல்லுக்கே தோட்டம் என்றுதான் பொருள். அதன் மூலச் சொல் மறைத்தலைக் குறிக்கும். நிலம் தெரியாதபடி இலையும் கிளையும் மூடிய சோலை அது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 68ஆம் வசனம் சுவனத்துப் பேரீச்சையையும் மாதுளையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிள்ளைகள் ஒரு மாதுளங்கிளையை வெட்டி ஒட்டும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள். கை வேலையோடு குர்ஆனும் மனதில் பதியும்.

இயந்திரம் இருந்தால்

சாச்சா கொண்டுவந்த இயந்திரத்தில் வெட்டுவதற்குரிய மெல்லிய உருக்கு அச்சுகள் இருக்கும். இவற்றை 'டை' என்பார்கள். அச்சின் ஒரு பக்கத்தில் பூவின் ஓரமெல்லாம் கூரான விளிம்பு எழும்பி நிற்கும். அந்தக் கூர்ப் பக்கம் தாளைத் தொடும்படி வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தட்டுகளை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைபிடியைச் சுற்றி அனுப்ப வேண்டும். அழுத்தத்தில் தாள் விளிம்பின் வழியே அறுபட்டுப் பூ தனியாக வந்துவிடும். அச்சகங்களில் கல்யாண அழைப்பிதழையும் இனிப்புப் பெட்டியையும் வெட்டுவதும் இதே முறைதான். அங்கே உருக்குத் தகட்டை உருவத்துக்கு வளைத்துப் பலகையில் பதித்திருப்பார்கள்.

தட்டுகளை எந்த அடுக்கில் வைப்பது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அதனுடன் வந்த குறிப்பைப் பார்த்துச் செய்யுங்கள். கைபிடி இறுகினால் பலவந்தமாகச் சுற்ற வேண்டாம். வெட்டிய பூ அச்சுக்குள் சிக்கினால் ஊசி முனையால் பின்புறத் துளை வழியே மெதுவாகத் தள்ளுங்கள்.

இயந்திரம் இல்லாவிட்டால்

இயந்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளை ஏங்க வேண்டியதில்லை. பழைய காட்போட்டில் ஓர் இலையை வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால் அதுவே அச்சு. அதைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, எத்தனை இலையும் வெட்டலாம். தாளை இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் பாதி இலையை வெட்டி விரித்தால் இருபுறமும் ஒத்த முழு இலை கிடைக்கும். மடிப்புக் கோடே நடு நரம்பாகிவிடும். சதுரத் தாளை மூன்று முறை மடித்து நுனியை வளைவாக வெட்டினால் எட்டிதழ்ப் பூ வரும். இதழ்களைப் பென்சிலில் சுற்றி எடுத்தால் சுருண்டு நிற்கும்.

கல்யாண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கங்கள் நல்ல தடித்த தாள். ஆனால் அல்லாஹ்வின் திருநாமம் அச்சிட்ட பகுதியைப் பிள்ளைகள் வெட்டிக் குப்பையில் போட்டுவிடாதபடி, முதலில் நீங்களே அதைப் பிரித்தெடுத்து மரியாதையாக ஒதுக்கி வையுங்கள்.

படலை அட்டை

இனி ஓர் அட்டையின் செய்முறையைச் சொல்கிறேன். நடுவில் படலை போல இரண்டு பக்கமும் திறக்கும் அட்டை இது.

1. ஏ4 அளவு பிறிஸ்டல் போட் ஒன்றைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி 210 மில்லிமீற்றர் நீளமும் 148 மில்லிமீற்றர் உயரமும் இருக்கும். ஒரு தாளில் இரண்டு அட்டை கிடைக்கும்.

2. நீளப் பக்கத்தில் இரு முனைகளிலிருந்தும் ஐந்தேகால் சென்றிமீற்றரில் அடையாளமிடுங்கள். அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்திக் கோடு கீறுங்கள். கீறாமல் மடித்தால் தடித்த தாள் வெடிக்கும். இரு ஓரங்களையும் உள்ளே மடித்தால் நடுவில் சந்திக்கும். இதுவே படலையின் இரண்டு கதவு.

3. கதவுகளின் வெளிப்புறத்தில் வேலி. அரைச் சென்றிமீற்றர் அகலக் கீலங்களை நுனி கூராக வெட்டி, குறுக்கே இரண்டு கீலம் வைத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக ஒட்ட வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டி ஒரு துண்டு ஒட்டிவிட்டாலும் படலை திறக்காது.

4. வேலியின் அடியில் புல்லும், ஓரத்தில் செவ்வரத்தையோ மல்லிகையோ, உள்ளே மாதுளையோ மருதோன்றிச் செடியோ உங்கள் விருப்பம். இலைக்கு அடிப்பாகத்தில் மட்டும் பசை தடவுங்கள். நுனி எழும்பி நிற்கும். பின்னால் உள்ள இலையை முதலில் ஒட்டி, முன்னால் வரும் பூவைக் கடைசியில் ஒட்டுங்கள்.

5. உள்ளே நடுப்பகுதியில் எழுதுவதற்கு இடம் விடுங்கள். தோட்டம் அழகாக வந்துவிட்டது என்று அந்த இடத்தையும் பூவால் நிரப்பிவிட்டால், அட்டை யாருக்காக என்பது மறந்துவிடும்.

பசை காயும்வரை ஒரு கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள். குர்ஆன், ஹதீஸ் கிதாபுகளை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். தபாலில் அனுப்புவதானால் பூவை அதிகம் உயர்த்த வேண்டாம், உறைக்குள் நசுங்கிவிடும்.

பறவையும் வண்ணத்துப்பூச்சியும்

தோட்ட அச்சுகளோடு பறவை, வண்ணத்துப்பூச்சி, அணில் எல்லாம் வரும். உயிருள்ளவற்றின் உருவம் பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். படம் வரைந்து சம்பாதித்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, செய்தே ஆக வேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று அவருக்கு வழிகாட்டினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. பிள்ளைகளின் கையைத் தட்டிவிடாமல், மரத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். நமது வளவில் உள்ள இலை வகைகளை வெட்டி முடிக்கவே ஒரு விடுமுறை போதாது.

யாருக்கு அனுப்புவது?

இந்தப் படலை அட்டையை எனக்குக் காட்டித் தந்தது என் மகள். அந்தக் கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வளவு இரண்டாகப் பிரிந்தது. அடுத்த பாதி என் ராத்தாவுக்கு. எல்லையில் நின்ற பலா மரத்தில் தொடங்கிய பேச்சு வளர்ந்து, இருவரும் சொல்லக்கூடாததைச் சொன்னோம். நான் வேலியில் இருந்த படலையைக் கழற்றிவிட்டுத் தகரம் அடித்தேன். இரண்டு வருடம் பேச்சில்லை. அந்த இரண்டு வருடத்திலும் மிம்பரில் நின்று இனபந்துக்களைச் சேர்ந்து வாழ்வது பற்றிப் பேசியிருக்கிறேன். மூன்று நாளுக்கு மேல் பேசாதிருப்பது கூடாது என்ற ஹதீஸை மாணவர்களுக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன்.

2020ஆம் ஆண்டு மே மாதம் நோன்புப் பெருநாள் ஊரடங்கில் வந்தது. பள்ளியில் தொழுகை இல்லை. வெளியே போக முடியாது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. வீட்டில் கிடந்த தாள்களை வெட்டி அட்டை செய்துகொண்டிருந்தாள்.

"யாருக்கு மகள்?" என்று கேட்டேன்.

"மாமிக்கு வாப்பா. முந்தி நம்மட வேலியில படலை இருந்ததுதானே, அதைத்தான் செய்தேன்."

அட்டையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பலா மரம். கீழே ஸலாமும் பெருநாள் துஆவும் எழுதி, கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். "வாப்பா, நீங்களும் ஒரு வரி எழுதுங்க" என்றாள்.

பேனையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். குத்பாவுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதும் கைக்கு ஒரு வரி வரவில்லை. உறவைத் துண்டிப்பவன் சுவனம் நுழையமாட்டான் என்ற ஹதீஸ் நினைவுக்கு வந்தது. துண்டிப்பவனுக்கு அதில் வரும் சொல் 'காத்திஉ'. காகிதம் வெட்டும் கலைக்கு வைத்த 'கத்உ' என்ற பெயரும் அதே மூலச் சொல்தான். என் மகள் காகிதத்தை வெட்டித் தோட்டம் உண்டாக்கியிருக்கிறாள். நான் உறவை வெட்டிவிட்டு, தோட்டத்துக்குள் போகலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். பிழை என்னுடையது. தம்பி" என்று எழுதினேன்.

மகள் தகரத்தின் கரையால் நுழைந்து கொடுத்துவிட்டு வந்தாள். "மாமி என்ன சொன்னா?" என்று கேட்டேன். "வஅலைக்குமுஸ்ஸலாம் என்று சொன்னா. வேறொன்றும் சொல்லல்ல" என்றாள். எழுத்தில் வந்த ஸலாத்துக்கும் பதில் கூறுவது கடமை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்அத்கார்' கிதாபில் எழுதியிருக்கிறார்கள். கிதாப் ஓதாத என் ராத்தா அந்தக் கடமையை உடனே செய்துவிட்டார். அன்று அவர் வரவில்லை. நானும் போகவில்லை. மூன்றாம் நாள் ராத்தாவின் மகன் ஒரு கோப்பை வட்டிலப்பத்துடன் வந்து, "மாமா, உம்மா வரச் சொன்னா" என்றான்.

போனேன். பலா மரத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு தச்சரை அழைத்து வேலியில் மறுபடி படலை வைத்தோம். அட்டை இன்றும் ராத்தாவின் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. ஓரிரு இலைகள் உதிர்ந்துவிட்டன.

சகோதரிகளே, பெருநாளன்று கைபேசியில் ஒரே வாழ்த்தை ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் நாம் பேசாதிருக்கும் ஒருவருக்கு அந்த நூறில் ஒன்று போவதில்லை. போனாலும், எல்லோருக்கும் அனுப்பியதுதானே என்று அவர் நினைப்பார். ஒரு மணி நேரம் குனிந்திருந்து வெட்டி ஒட்டிய அட்டையை அப்படி நினைக்க முடியாது. பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைச் சேர்ப்பவரல்ல. துண்டிக்கப்பட்ட உறவைச் சேர்ப்பவரே சேர்ப்பவர் என்பது நபிமொழியின் கருத்து. நல்ல சொல்லுக்கு அல்லாஹ் இப்ராஹீம் அத்தியாயத்தில் நல்ல மரத்தையே உவமை சொல்கிறான். அதன் வேர் உறுதியானது, கிளை வானளாவியது. அட்டையில் எத்தனை மரம் ஒட்டினாலும், உள்ளே எழுதும் அந்த ஒரு சொல்தான் வேர் பிடிக்கும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. தொழுகைக்கும் பாடத்துக்கும் வீட்டு வேலைக்கும் உரிய நேரத்தை ஒதுக்கிவிட்டு, மிகுதி நேரத்தில் பிள்ளைகள் வெட்டட்டும். தாளுக்கென்று மாதத்துக்கு ஒரு தொகையை வரையறுத்துக் கொடுங்கள். வருகிற பெருநாளைக்கு அவர்கள் செய்யும் முதல் அட்டை, ஏசிக்கொண்டிருக்கும் அவர்களது வாப்பும்மாவுக்குப் போகட்டும். அவரது வளவில் அவர் கையால் நட்ட மரம் ஏதும் இருந்தால், அதையே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒரு வரி நீங்களும் எழுதுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் உறவுகளைச் சேர்ப்பவர்களாக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.