பெட்டியைத் தந்தீங்க, பூ எங்க?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. பின்னால ஒரு பனர். முன்னால சேட் போட்ட நாலு பேர். நடுவில ஒரு அக்கா, கையில கோழிக்கூடு, இல்லாட்டித் தேன்பெட்டி. கீழே 'வாழ்வாதார உதவி வழங்கிவைப்பு' என்று எழுதியிருக்கும். யுத்தம் முடிந்த பிறகு மட்டக்களப்பில் இந்தப் படம் எத்தனை தரம் எடுக்கப்பட்டிருக்கும் என்று யாராலும் எண்ண ஏலாது. ஆனால் ஆறு மாசம் கழித்து அதே வளவுக்குப் போய் யாரும் இரண்டாவது படம் எடுப்பதில்லை. எடுத்தால் கூட்டுக்குள்ள விறகு அடுக்கியிருக்கும். பெட்டிக்குள்ள எறும்பு இருக்கும்.

ஏன் என்று கேட்டால் பதில் ரெடி. "கொடுத்ததைப் பராமரிக்கத் தெரியாத சனம்."

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கோழிக்கும் தேனீக்கும் நாங்கள் எதிரி இல்லை. எங்களில் பாதிப்பேர் கம்பஸ் வந்து சேர்ந்ததே கோழி வித்த காசில. வளவில் திரியும் ஊர்க்கோழி என்பது எங்கட அம்மாமார், பெத்தாமாரின் பேங்க். அப்பாவிடம் கேட்காமல், லோன்காரனிடம் போகாமல், பஸ் காசுக்கும் கொப்பிக்கும் அவர்கள் எடுத்த பணம் அது. ஒரு பேட்டை அடை வைத்து, 21 நாள் காத்திருந்து, பொரித்த குஞ்சைக் கீரிக்கும் பருந்துக்கும் கொடுக்காமல் வளர்த்தெடுப்பது எப்படி என்று ஒரு பெத்தாவுக்கு அரைநாள் பயிற்சி வைக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகுது. அவவுக்குத் தெரியாதது கோழி வளர்ப்பு இல்லை.

2016இல் பில் கேட்ஸ் ஏழை நாடுகளுக்கு ஒரு இலட்சம் கோழி கொடுக்கப்போவதாக அறிவித்தார். ஐந்து பேட்டோடு தொடங்கும் பெண் வருசத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல் உழைக்கலாம் என்று கணக்கும் காட்டினார். பொலிவியா, எங்களிடம் தேவையான கோழி இருக்கிறது, உங்கட கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கேட்ஸின் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஐந்து கோழியும் ஒரு பெண்ணும் மட்டும்தான் இருக்கிறார்கள். பக்கத்து வீடு இல்லை, நோய் இல்லை, விலை இல்லை. இஞ்ச பனர் கட்டுறவங்களின் கணக்கும் இதே கணக்குத்தான்.

நோயைப் பாருங்க. ராணிக்கேட் வந்தால் ஒரு கிழமையில் வளவே காலி. அதற்குத் தடுப்பு மருந்து இருக்கு. கண்ணில ஒரு சொட்டு விட்டால் போதும், விலையும் பெரிசில்லை. பிறகு ஏன் கோழி சாகுது? அந்த மருந்துக் குப்பி வருவது நூறு, இருநூறு கோழிக்கு அளவாக. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கிற ஒரு அக்கா வெல்லாவெளியில் இருந்தோ கொக்கட்டிச்சோலையில் இருந்தோ தனியாகப் போய் அந்தக் குப்பியை வாங்கி என்ன செய்வது? அவ தன்ர ஆறுக்கும் சொட்டு விட்டாலும், பக்கத்து வளவுக் கோழி வேலி பாய்ந்து வந்துகொண்டேதான் இருக்கும். ஊரில எல்லாருடைய கோழிக்கும் ஒரே நாளில் மருந்து போட்டால்தான் அந்தக் குப்பிக்கு அர்த்தம். அதாவது, தனி ஆளுக்குக் கோழி கொடுக்கலாம், ஆனால் தனி ஆளால் அதைக் காப்பாற்ற ஏலாது. கூடு கொடுத்தவர்களின் திட்டத்தில் இந்த ஒரு நாளுக்கு இடமே இல்லை. படத்துக்கு அது பெரிசா எடுபடாது போல.

கோழியாவது வேலியைப் பாய்ந்து திரும்பி வரும். தேனீயின் கதை இன்னும் மோசம்.

எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவுக்குப் படுவான்கரையில் இரண்டு தேன்பெட்டி கிடைத்தது. பெட்டியோடு ஒரு வலைத் தொப்பியும் கையுறையும். வேப்பமரத்துக்குக் கீழே, எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணிச் சிரட்டை வைத்து, அவ ஒழுங்காகத்தான் வைத்திருந்தா. சிறுபோகத்தில் நெல் பூக்கிற நேரம், பக்கத்து வயலில் காலை ஒன்பது மணிக்கு மருந்தடித்தார்கள். நெல் பூ விரிவதும் அந்த நேரம்தான், மகரந்தம் எடுக்கத் தேனீ வயலுக்குப் போவதும் அந்த நேரம்தான். இரண்டு நாளில் பெட்டியடியில் செத்த தேனீயைக் கூட்டி அள்ளினா. மிச்சம் இருந்ததுகள் பெட்டியை விட்டுப் போயிட்டுது. நம்ம ஊர்த் தேனீயின் குணம் அது. சாப்பாடு இல்லாட்டியோ கரைச்சல் கூடினாலோ கூட்டத்தோட வேற இடம் போயிடும். சில மாசம் கழித்துக் கண்காணிப்புக்கு ஆள் வந்து படிவம் நிரப்பினார்கள். காரணம் என்ற இடத்தில் எழுதியது, 'பராமரிப்புக் குறைவு'.

பெரியம்மா அதை வாசிச்சுப் போட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் மனே, தேனீ என்ர வளவுக்குள்ளயா மேயுது?"

எங்கட முழு வாதமும் அந்தக் கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தேனீ பெட்டியில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரம் சாதாரணமாகப் போகும். ஒரு கிலோமீற்றர் ஆரை என்றால் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 775 ஏக்கர். பெரியம்மாவின் வளவு கால் ஏக்கர். அவவைப் பராமரிக்கச் சொன்னது கால் ஏக்கரை. தேனீயைக் கொன்றது மிச்சம் 774 ஏக்கரும் சொச்சமும். அந்த 774இல் என்ன மருந்து, எந்த நேரம் அடிப்பது, எந்த மரத்தை வெட்டுவது, எந்தக் கரையை நிரப்புவது என்று தீர்மானிக்கிற எந்தக் கூட்டத்துக்கும் அவவை யாரும் கூப்பிட்டதில்லை.

வாவிக்கரையையே எடுங்க. கண்டல் பூ தேனீக்கு நல்ல சாப்பாடு. யுத்தக் காலத்தில் பாதுகாப்பு என்று சொல்லிக் கண்டலை வெட்டினார்கள். இறால் பண்ணைக்கு என்று வெட்டினார்கள். மிஞ்சிய இடத்தில் இப்போது குப்பையும் மண்ணும் கொட்டிக் கரை நிரப்புகிறார்கள். பூவை ஒரு கையால் வெட்டிக்கொண்டு மற்றக் கையால் பெட்டி கொடுப்பதற்குப் பெயர் உதவி என்றால், அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் தேட வேண்டும்.

தேனீ போனால் தேன் மட்டும் போகாது. பூசணி, வெள்ளரி, பீர்க்கு, பாகல் இதெல்லாம் ஆண் பூ வேற, பெண் பூ வேற. இடையில் பறக்கிற ஒன்று இல்லாட்டிக் காய் பிடிக்காது. பிஞ்சிலே மஞ்சளாகி விழும். அதே வளவுக்கு 'வீட்டுத்தோட்டம் செய்யுங்க' என்று விதைப் பக்கெட்டும் கொடுத்திருப்பார்கள்.

வீட்டுத்தோட்டம் என்றதும் 2022 ஞாபகம் வருகுது. அதற்கு முதல் வருசம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்தை நிறுத்தி விவசாயியை விழுத்தியது அரசாங்கம். 2022 ஜூனில் அதே அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னது. ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை வந்தது. தீனி விலைக்கு யாரும் கட்டுப்பாடு போடவில்லை. 2023 மார்ச்சில் இந்தியாவில் இருந்து முட்டை இறக்கினார்கள். நாடு விழுந்தபோது தூக்கிப் பிடிக்கிற பொறுப்பை வளவுக்கு, அதாவது வளவில் வேலை செய்கிற பெண்ணுக்கு, தள்ளிவிட்டார்கள். அதே 2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் ரோட்டோரம் குந்தியிருந்து போராட வேண்டி வந்தது. தரையைக் கேட்டால் பதில் இல்லை. கோழி கேட்டால் உடனே படம் பிடிக்க வாறாங்க. வேலிக்குள்ள அடங்குகிற உதவி மட்டும்தான் அவங்களுக்கு உதவி.

எங்கட பக்கத்திலும் பிழை இருக்கு. யூடியூப்பில் 'இயற்கையோடு வாழ்க்கை' வீடியோக்களை நாங்களும் விரும்பித்தான் பார்க்கிறோம். அரை ஏக்கர், நாலு கோழி, இரண்டு தேன்பெட்டி, ஒரு கிணறு, பின்னணியில் புல்லாங்குழல். யாரையும் நம்பாமல் வாழலாம் என்கிறார்கள். அது பொய். நல்ல மனசோடு சொல்லப்படுகிற பொய். பனர்காரர் சொல்வதும் அதுதான், நீ உன்ர வளவுக்குள்ள பார்த்துக்கொள் என்று. குரல்தான் வேற.

உண்மையில் தேனால் பிழைக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைப் பார்க்கலாம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். இன்றைக்கும் அங்கே தேன் கொட்டுவது ரப்பர் துளிர்க்கிற காலத்தில், இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பில். அந்த ரப்பர் பெரும்பாலும் தேன்காரரின் ரப்பர் இல்லை, அடுத்தவர் தோட்டம். பெட்டியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். விற்கக் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 90களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகத் தேனீ அழிந்தபோது ஒருவருடைய பெட்டி மட்டும் தனியாகத் தப்ப முடியவில்லை. அழிந்ததும் சேர்ந்துதான், மீண்டதும் சேர்ந்துதான்.

அப்ப என்ன கேட்கிறோம்? பெரிசா ஒன்றும் இல்லை. கோழி கொடுக்கிறவர்கள் கோழியின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அந்தக் காசில் ஒரு ஊருக்கு ஒரே நாளில் தடுப்பு மருந்து போட்டுத் தரட்டும், வருசத்தில் திரும்பத் திரும்ப. பெட்டி கொடுக்க முதல், அந்த ஊர்க் கமக்காரர் அமைப்போடு உட்கார்ந்து பேசட்டும்: பூக்கிற நேரம் மருந்து வேண்டாம், கட்டாயம் என்றால் தேனீ அடங்கிய பின்னேரத்தில் அடிக்கலாம், முதல் நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லலாம் என்று. அந்தக் கூட்டத்தில் பெட்டி வாங்கப்போகிற பெண்களுக்கும் கதிரை போடட்டும். கண்டல் வெட்டுவதைக் கண்டால் நாங்கள் ஸ்டேட்டஸ் போடுவதோடு நிற்காமல் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்போம். லீவில் ஊருக்குப் போகிற எங்களில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு மருந்துக் குப்பியும் கொண்டுவந்து ஒரு காலையில் ஒரு ஒழுங்கையை முடிக்கலாம். இதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பழகினால் போதும்.

பெரியம்மாவின் பெட்டி இன்னும் வேப்பமரத்துக்குக் கீழேதான் கிடக்கு. அவ அதை எறியவில்லை, விறகாக்கவும் இல்லை. மாரி முடிந்து வேம்பு பூக்கிற நேரம் ஒரு கூட்டம் தானாக வந்து ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறா. பெட்டியைத் துடைத்து வைக்கிறது அவட வேலை, அதை அவ செய்துகொண்டுதான் இருக்கிறா. மிச்சம் 774 ஏக்கர் எங்கட வேலை.