ரேம் விலை எகிறியாச்சு: கேமிங் பிசி அசெம்பிள் பண்ண எதை முதலில் முடிவு செய்யணும்?

போன வருஷம் வரைக்கும் கேமிங் பிசி அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டையும் பிராசசரையும்தான் முதலில் முடிவு செய்வார்கள். ரேம் கடைசியில் வரும், மிச்சக் காசில் முடிந்துவிடும். இப்போது அந்த வரிசை செல்லாது. 2025 இறுதியில், சில மாதங்களுக்குள்ளேயே டிடிஆர்5 ரேமின் சில்லறை விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என எங்கே கொட்டேஷன் வாங்கினாலும், முதலில் பார்க்க வேண்டியது ரேம் எழுதியிருக்கும் வரியைத்தான். எந்தத் தலைமுறை ரேம் என்பது மதர்போர்டைத் தீர்மானிக்கிறது. மதர்போர்டு பிராசசரைத் தீர்மானிக்கிறது. இரண்டும் சேர்ந்து, கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

விலை ஏன் இப்படி ஏறுது?

உலகின் டிராம் சிப்புகளில் பெரும்பங்கைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கு எச்பிஎம் என்ற அதிவேக நினைவகம் தேவை. ஒரே கொள்ளளவுள்ள நினைவகத்தை எச்பிஎம் ஆகத் தயாரிக்க, டிடிஆர்5-ஐவிடச் சுமார் 3 மடங்கு சிலிக்கான் வேஃபர் செலவாகும் என்று மைக்ரான் சொல்லியிருக்கிறது. அதாவது ஏஐ பக்கம் போகும் ஒவ்வொரு ஜிபியும் நம் பக்கம் வர வேண்டிய பல ஜிபிக்களைச் சாப்பிடுகிறது.

2025 அக்டோபர் 1 அன்று ஓபன்ஏஐ, சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் பூர்வாங்க ஒப்பந்தம் அறிவித்தது. அதன் இலக்கு, மாதம் 9 லட்சம் வேஃபர் வரை. டிசம்பர் 3 அன்று மைக்ரான், நுகர்வோருக்கான தன் ‘குருஷியல்’ ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்து விலகுவதாகச் சொன்னது. விற்றவற்றுக்கு வாரன்டி தொடரும்.

டிடிஆர்4 தப்பித்ததா? இல்லை. அதன் உற்பத்தியைக் குறைக்கப்போவதாக நிறுவனங்கள் சொன்னதால் 2025 நடுவிலேயே அதன் விலையும் ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் டிடிஆர்4-க்கு ஒரு வசதி உண்டு: பல வருஷமாக விற்றது என்பதால் பழைய கணினிகளில் நிறையக் கிடக்கிறது.

பட்ஜெட்டில் என்ன ஆகும்?

ஒரு உதாரணக் கணக்கு. மொத்த பட்ஜெட் 80,000 ரூபாய். அதில் ரேமுக்கு 8,000 ஒதுக்கியிருந்தால் அது 10%. ரேம் விலை மும்மடங்கானால் 24,000, அதாவது 30%. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்த 72,000 ரூபாய் 56,000 ஆகச் சுருங்குகிறது.

அந்த 16,000 ரூபாயை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் ஆபத்து. பெரும்பாலும் கை வைக்கப்படுவது மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும். இரண்டுமே விளம்பரத்தில் பெரிதாக வராதவை. இரண்டுமே தப்பாகப் போனால் மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

வரியில் சலுகை எதிர்பார்க்க முடியாது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28% என்பது 18% ஆனது. கணினி பாகங்கள் முன்பும் 18%, பின்பும் 18%. 80,000 ரூபாய் பில்லில் சுமார் 12,200 ரூபாய் ஜிஎஸ்டிதான்.

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ?

இரண்டுக்கும் 288 பின்கள். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தம் வேறு. ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் சொருக முடியாது. இடைநிலை பட்ஜெட்டில் மூன்று வழிகள் உள்ளன.

• ஏஎம்டி ஏஎம்4 சாக்கெட்: டிடிஆர்4 மட்டும். ரைசன் 5 5600 இங்கே வரும். கையில் டெஸ்க்டாப் டிடிஆர்4 ரேம் இருப்பவர்களுக்கு இதுதான் சிக்கனம். ஆனால் இந்த சாக்கெட்டின் பயணம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

• இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்: 12, 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள். டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பிராசசர் இரண்டையும் ஏற்கும், போர்டு ஒன்றைத்தான் ஏற்கும். கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்பதால், பில்லில் போர்டின் முழுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஏஎம்டி ஏஎம்5 சாக்கெட்: டிடிஆர்5 மட்டும். ரைசன் 5 7600 இங்கே வரும். 2027-க்கு அப்பாலும் இந்த சாக்கெட்டை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ரேமுக்கு அதிகம் கொடுத்தாலும், மூன்று வருஷம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால், டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே இருந்தால் முதல் இரண்டு வழிகள். எல்லாமே புதுசாக வாங்கணும் என்றால், முடிந்தவரை ஏஎம்5. புது டிடிஆர்4-க்கும் ஏறிய விலையைக் கொடுத்து, முடிந்துபோன சாக்கெட்டில் உட்காருவது இரட்டை நஷ்டம்.

கொள்ளளவில் இன்று பெரும்பாலான கேம்களுக்கு 16 ஜிபி போதும். 32 ஜிபி வசதி, கட்டாயம் இல்லை. டிடிஆர்4 என்றால் இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டால் டூயல் சேனல் வேகம் கிடைக்கும். டிடிஆர்5-இல் இப்போது ஒரு 16 ஜிபி, பிறகு இன்னொன்று என்று போகலாம். ஆனால் அதுவரை கொஞ்சம் வேகம் குறையும், பிறகு வாங்குவது இதோடு முழு வேகத்தில் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பழைய ரேம் சந்தையில் ஒரு எச்சரிக்கை: மலிவாக வரும் ‘சர்வர் ரேம்’ பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. டிடிஆர்4-இல் அது ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் இந்த போர்டுகளில் கணினி ஆன் ஆகாது.

கிராஃபிக்ஸ் கார்டு பொருந்தும், ஆனால் முழு வேகத்தில் ஓடுமா?

கிராஃபிக்ஸ் கார்டு எந்த போர்டிலும் சொருகும் என்பது பாதி உண்மை. ஆர்டிஎக்ஸ் 5060-ஐ எடுத்துக்கொள்வோம். 8 ஜிபி நினைவகம், 145 வாட், பிசிஐஇ லேன் 8 மட்டுமே. பிசிஐஇ ஒவ்வொரு தலைமுறைக்கும் வேகம் இரட்டிப்பாகும். எனவே 8 லேன் கார்டை பழைய 3.0 போர்டில் போட்டால், 4.0 போர்டில் கிடைக்கும் பாதையில் பாதிதான் கிடைக்கும். கேம் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை பெரிதாகத் தெரியாது. அதைத் தாண்டி ரேமிலிருந்து இழுக்கத் தொடங்கினால் காட்சி திக்கும்.

ஏஎம்4 வழியில் இது முக்கியம். பி450, ஏ520 போர்டுகள் பிசிஐஇ 3.0. பி550 தான் 4.0. பிராசசரிலும் இதே கதை: ரைசன் 5 5600 ஆதரிப்பது 4.0, பெயரில் பக்கத்திலேயே நிற்கும் ரைசன் 5 5500 ஆதரிப்பது 3.0 மட்டும். கடையில் “கொஞ்சம்தான் வித்தியாசம்” என்று சொல்லும் இடம் இதுதான். ஏ520 போர்டில்தான் நிற்கிறீர்கள் என்றால், 16 லேன் கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி மாடலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ்?

ரைசன் 5 7600-இன் பெட்டியில் 65 வாட் என்றிருக்கும். முழு லோடில் அது 88 வாட் வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு 145. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 55 என்று வைப்போம். மொத்தம் 288 வாட். திடீர் ஏற்றங்களுக்கும் இடம் விட்டு, 550 வாட் தரமான எஸ்எம்பிஎஸ் போதும். என்விடியா பரிந்துரைப்பதும் 550 தான். 750 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைவிட இது நல்லது. ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்பை அல்ல.

இதில் நம்மவர்கள் மறப்பது யுபிஎஸ். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பல மாடல்களில் 360 வாட் தான் தாங்கும். எஸ்எம்பிஎஸ் 85% திறனில் ஓடினால் 288 வாட்டுக்குச் சுவரிலிருந்து சுமார் 340 வாட் இழுக்கும். மானிட்டர் ஒரு 30 வாட். மொத்தம் 370. கேம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து ஆஃப் ஆகலாம். அடுத்த அளவான 1000 விஏ பார்ப்பது நல்லது.

பழைய போர்டு வாங்கலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும். வாலரன்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் கேட்கும். பேட்டில்ஃபீல்ட் 6-க்கு செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. எனவே இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ரைசன் என்றால் 2000 வரிசை, அதற்குக் கீழே எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பில் போடும் முன் பார்க்க வேண்டியவை

• போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பிராசசர் பெயரும், அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பும் உள்ளதா? பழைய ஸ்டாக் போர்டு என்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

• கார்டின் நீளமும் கூலரின் உயரமும் கேபினட்டின் மில்லிமீட்டர் அளவுக்குள் வருகிறதா?

• பிராசசர் பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600-இலும் இல்லை. கார்டைப் பிறகு வாங்கலாம் என்றால் திரையில் எதுவும் வராது.

• ஜிஎஸ்டி எண், சீரியல் எண்ணுடன் பில், இந்திய வாரன்டி இரண்டும் உள்ளனவா?

காத்திருந்தால் விலை இறங்குமா?

புதிய சிப் ஆலை கட்டி முடித்து உற்பத்திக்கு வர ஆண்டுகள் ஆகும். குஜராத்தின் சனந்தில் மைக்ரான் 2023-இல் அறிவித்த ஆலை சிப்புகளை அடைத்துச் சோதிக்கும் ஆலை. வேஃபர் தயாரிப்பது வேறு நாடுகளில். எனவே உள்ளூர் ஆலை வந்தால் உள்ளூர் விலை இறங்கும் என்று கணக்குப் போட முடியாது.

ஓடுகிற கணினி கையில் இருந்தால் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. வேலைக்கும் அதே கணினிதான், இப்போதே வேண்டும் என்றால், ரேமில் 16 ஜிபியோடு நிறுத்துங்கள், போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் கை வைக்காதீர்கள். ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். தப்பான போர்டை மாற்ற, கணினியையே பிரிக்க வேண்டும்.