தொட்டி காலியானால் கணக்குத் தீர்ந்ததா?

ஹவாய்த் தீவுகளில் ரெட் ஹில் என்று ஒரு குன்று இருக்கிறது. நம் சென்னைக்குத் தண்ணீர் தரும் ரெட் ஹில்ஸ் அல்ல; இது பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, ஹொனலூலு நகரத்தை ஒட்டியது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்கக் கடற்படை இந்தக் குன்றைக் குடைந்து 20 எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டியது. 1940ல் ஆரம்பித்த வேலை 1943ல் முடிந்தது. ஒவ்வொரு தொட்டியும் 250 அடி உயரம். ஒன்றேகால் கோடி காலன் கொள்ளும். குன்றைக் குடைந்த தொழிலாளர்களில் பத்துப் பேருக்கு மேல் வேலையிலேயே மாண்டார்கள்.

இத்தனை எண்ணெய்க்கும் நூறு அடி கீழே என்ன இருந்தது? ஹொனலூலு ஜனங்கள் குடிக்கும் நிலத்தடி நீர்!

2014 ஜனவரியில் ஐந்தாம் எண் தொட்டி ஒழுகியது. சுமார் 27,000 காலன் மண்ணுக்குள் போயிற்று. அப்போதே குடிநீர் வாரியமும் ஊர் ஜனங்களும் எச்சரித்தார்கள். கடற்படை தொட்டிகளை மூடவில்லை.

2021 மே மாதம் ஒரு குழாய் வெடித்தது. கொட்டிய எண்ணெயில் பெரும்பகுதி தீயணைப்புக்கான வடிகுழாயில் போய்த் தங்கியது. கணக்கில் குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று என்று அதிகாரிகள் ஒழுங்காகத் தேடவில்லை. நவம்பர் 20ந் தேதி சுரங்கத்தில் ஓடும் வண்டி அந்தக் குழாயில் மோதி உடைத்தது. எண்ணெய் குடிநீர்க் கிணற்றில் இறங்கியது.

சில நாட்களில் குழாய்த் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. தண்ணீருக்கு ஆபத்தில்லை என்றே முதலில் அதிகாரிகள் சொன்னார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் யார்? பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்களின் மனைவி மக்கள். அந்தக் குழாய்களை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுவலி, தோலில் தடிப்பு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு ஓட்டல்களுக்குப் போக நேர்ந்தது. நகரக் குடிநீர் வாரியமும் பக்கத்திலிருந்த தன் பெரிய கிணற்றை மூடியது. 2022ல் ஊர் முழுவதும் தண்ணீர்ச் செலவைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டி வந்தது. எண்ணெயைக் கொட்டியவன் ஒருவன்; குடத்தைக் குறைத்துக்கொண்டவன் வேறொருவன்!

தொட்டிகளைக் காலி செய்யும்படி ஹவாய் மாநில சுகாதார இலாகா 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. கடற்படை அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜனங்கள் விடவில்லை. கடைசியில், 2022 மார்ச்சில், தொட்டிகளை நிரந்தரமாக மூடுவதாக அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி அறிவித்தார். 10 கோடி காலனுக்கு மேல் எண்ணெய் இறக்கப்பட்டு, 2024ல் அந்த வேலை முடிந்தது. இது ஜனங்களின் வெற்றிதான்.

ஆனால் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் சிந்திய எண்ணெய் போய்விடுமா? கொட்டிய எண்ணெய் பாறை இடுக்குகளில் பிடித்துக்கொள்ளும். ஒரு பகுதி தண்ணீர் மட்டத்தின் மேல் மிதக்கும். ஒரு பகுதி கரையும். நீரோட்டம் போகும் பக்கம் நஞ்சும் போகும். பெட்ரோலில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோய் தரக்கூடியது.

சுத்தம் செய்ய வழி இல்லாமல் இல்லை. மேல்மண் கெட்டிருந்தால் தோண்டி அப்புறப்படுத்தலாம். ஆழத்தில் இருக்கும் ஆவியைக் குழாய் இறக்கி உறிஞ்சலாம். மண்ணுக்குள் காற்றைச் செலுத்தினால், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி அதைச் சிதைக்கும். கெட்ட நீரை இறைத்துக் கரி வடிகட்டியில் விடலாம். ரெட் ஹில் கிணற்றில் இதைச் செய்தார்கள். சுற்றிலும் சோதனைக் கிணறுகள் தோண்டி நஞ்சு எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்க்க வேண்டும். இது ஒரு மாத வேலை அல்ல, பல வருஷ வேலை. பணம் பிடிக்கும் வேலை. அதனால்தான் தொட்டியை மூடியவுடன் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடப் பார்க்கிறார்கள்.

செலவை யார் ஏற்பது? கொட்டியவன்தான் ஏற்க வேண்டும். ஹொனலூலு குடிநீர் வாரியம் 2023ல் கடற்படையிடம் 120 கோடி டாலர் கேட்டது. நியாயமான கேள்வி! இல்லாவிட்டால் அந்தப் பணம் ஏழை எளியவர்களின் தண்ணீர் வரியில்தான் ஏறும்.

எண்ணெய்க் கிடங்கும் பெட்ரோல் பங்கும் இல்லாத ஊர் ஏது? அவை மூடப்படும்போது, மண்ணையும் சுற்றியுள்ள கிணறுகளையும் சோதித்தார்களா என்று ஊரார் கேட்க வேண்டும். சோதிப்பவர் கிடங்கு முதலாளியின் ஆளாக இருக்கக் கூடாது. முடிவை எல்லோரும் படிக்கும்படி பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். நஞ்சு மண்ணைத் தோண்டும் கூலியாளுக்குக் கையுறையும் முகமூடியும் வைத்தியப் பரிசோதனையும் கொடுக்க வேண்டும். மண் சுத்தம் என்று தெரியும்வரை அந்த மனையை வீடு கட்ட விற்கக் கூடாது.

பணக்காரன் புட்டித் தண்ணீர் வாங்கிக்கொள்வான். கிணற்றை நம்பியிருப்பவர்கள் உழைக்கிறவர்கள். கிணறு கெட்டபின் கேட்பதைவிட, தொட்டி மூடும் அன்றே கேட்பது மேல்.