பாம்பு முட்டையை வீட்டில் பொரிக்க வைப்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான இழை. பாம்பு வளர்க்கிற தம்பிகள் கோபப்படுவீங்க. பரவாயில்லை, முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு தம்பி இன்பாக்ஸில் போட்டோ அனுப்பினார். ஃப்ரிட்ஜ் மேல ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஈரமான வெர்மிகுலைட், அதில் பாதி புதைஞ்ச மாதிரி ஐந்து வெள்ளை முட்டை. பக்கத்தில் தெர்மாமீட்டர் 31.5 டிகிரி காட்டுது. "பால் பைத்தான் முட்டை டாக்டர். நீங்க பாம்புக்கடி பத்தி எழுதுறதால உங்களுக்கு அனுப்புறேன். இன்னும் 20 நாள்ல பொரிச்சிடும், வாழ்த்துங்க."

போட்டோவின் ஓரத்தில் ஒரு நடைவண்டி நின்றது. எனக்குக் கண்ணில் பட்டது அதுதான்.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா தம்பி?"

"ஆமா டாக்டர், எட்டு மாசம். ஒரு வாரமா ஜுரம், லூஸ் மோஷன். பல்லு முளைக்குதுன்னு அம்மா சொல்றாங்க."

"பாம்போட தண்ணிக் கிண்ணத்தை எங்க கழுவுறீங்க?"

"கிச்சன் சிங்க்லதான்."

"குழந்தையைப் பார்க்கிற டாக்டர்கிட்ட வீட்ல பாம்பு இருக்குன்னு சொன்னீங்களா?"

ஒரு மணி நேரம் கழிச்சுதான் பதில் வந்தது. "இல்ல டாக்டர். பாம்புக்கு பேப்பர் எதுவும் இல்ல. அதான்…"

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த இழையே.

பாம்பு, ஆமை, பல்லி என ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். பாம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நல்லா சாப்பிடும், நல்லா தோலுரிக்கும், பளபளன்னு இருக்கும். ஆனால் எச்சத்தில் அது விட்டு விட்டு வெளியே வரும். இன்னைக்கு டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தால், அடுத்த வாரமும் வராது என்று அர்த்தமில்லை. அந்த எச்சம் பட்ட தோல், பட்ட தண்ணீர், முட்டை ஓடு, அதைத் தொட்ட உங்கள் கை, அந்தக் கையைத் துடைத்த லுங்கி எல்லாமே வழிதான். குழந்தை பாம்பைத் தொடவே வேண்டாம். அந்த லுங்கியில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மடியில் தவழ்ந்தாலே போதும்.

உங்களுக்கும் எனக்கும் வந்தால் நாலு நாள் வயிற்றுப்போக்கோடு போயிடும். எட்டு மாசக் குழந்தைக்கு அது ரத்தத்தில் ஏறலாம், மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஊர்வன எதையும் வளர்க்காதீர்கள் என்று அமெரிக்காவின் சிடிசி திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நாலு இஞ்சுக்குக் குறைவான ஆமைக்குட்டிகளை விற்பதையே அந்த நாடு 1975ல் தடை செய்தது. காரணம் இதே கிருமி, இதே வயசுக் குழந்தைகள். நம்ம ஊரில்? "விஷமில்லாத பாம்புதானே டாக்டர்!"

அன்றிரவே குழந்தையை அட்மிட் பண்ணச் சொன்னேன். "வீட்ல பாம்பு இருக்கு"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்கன்னும் சொன்னேன். சொன்னார்கள். ரத்தத்தை கல்ச்சர் வைத்ததில் சால்மொனெல்லா வளர்ந்தது. டைபாய்டு வகை இல்லை, வேறு வகை. பத்து நாள் ஊசி. குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்னும் நாலு நாள் பல்லு மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு மனசில்லை.

சரி, அந்த "பேப்பர்" விஷயத்துக்கு வருவோம். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் பாம்பு. கானா, டோகோ, பெனின் பக்கம் புல்வெளியில் எலி வளையில் வாழ்வது. அது கொளத்தூருக்கோ கோவைக்கோ ஊர்ந்து வரவில்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் சிக்கின. அதே வருஷம் ஜூலையில் திருச்சி ஏர்போர்ட்டில் ஒரே ஆளிடம் 47 பைத்தான்கள். டப்பாவில் அடைத்து, துணி மாதிரி மடித்துக் கொண்டுவந்தவை. சிக்கியதுதான் நமக்குத் தெரியும்.

2022ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இந்த மாதிரி வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் அரசிடம் பதிய வேண்டும். கைமாற்றினால் சொல்ல வேண்டும். குட்டி பிறந்தாலும், செத்தாலும் சொல்ல வேண்டும். அதற்கு பரிவேஷ் என்ற இணையதளமே இருக்கு. அந்த ஐந்து முட்டையும் பொரிந்தால் ஐந்து பதிவு. தாய்க்கே பதிவு இல்லாதபோது குட்டிக்கு எங்கிருந்து வரும்? பதிவில்லாத பாம்பு, டாக்டரிடம் மறைக்கப்படுகிற பாம்பு. என் சண்டை அந்த இடத்தில்தான்.

"நாங்க கடத்தல, வீட்லயே பிரீட் பண்றோம், அதனால காட்டுப் பாம்புக்கு நல்லதுதானே" என்பார்கள். இந்த பிரீடிங் எதற்காக? நிறத்துக்காக. மஞ்சள், வெள்ளை, பூப்போட்டது என்று விதவிதமாக "மார்ஃப்" உருவாக்க. அதில் ஸ்பைடர் என்று ஒன்று. வலை போட்ட மாதிரி அழகான கோடு. அந்தக் கோட்டைத் தரும் அதே ஜீன் உள்காதையையும் கோணலாக்குகிறது. பாம்பு தலையை நேராக வைக்க முடியாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும், எலியைக் குறிபார்த்தால் தவறும். உள்காது கெட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை தலைச்சுற்றல் வந்தவர்களைக் கேளுங்க. அந்த ஜீவனுக்கு வாழ்நாள் முழுக்க அதுதான். ரீல்ஸில் "டான்ஸ் ஆடுது பாருங்க" என்று அதற்கு பாட்டு வேற போடுறாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. இவர்கள் மேல்தான் எனக்குப் பயம் அதிகம். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது முட்டை கிடைக்கும். கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டி வீடியோ போட்டு, மணலில் வைத்து பல்பு மாட்டி "பொரிக்க வைக்கப் போறோம் மக்களே!"

கோழி தன் முட்டையை நாளைக்குப் பலமுறை புரட்டிவிடும். நாம் அடை வைத்துப் பார்த்தே வளர்ந்தவர்கள், அதனால் எல்லா முட்டையும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். பாம்பு முட்டை நேர் எதிர். இட்ட கொஞ்ச நேரத்திலேயே கரு உள்பக்க மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைப் புரட்டினால் கரு சாகலாம். காப்பாத்துறேன்னு சொல்லி நீங்கள் கேமரா முன்னாடி செய்வது அதைத்தான்.

சரி, பொரிகிறது என்றே வைப்போம். என்ன பாம்பு? கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். நம்ம ஊர் சுருட்டை விரியனும் அப்படித்தான். ஆனால் நல்ல பாம்பு, கட்டு விரியன், சாரை, நீர்க்கோலி எல்லாம் முட்டைதான். எல்லாம் வெள்ளை, எல்லாம் தோல் மாதிரி ஓடு. சாரைதான் நல்ல பாம்புக்கு ஆண் என்று இன்னும் நம்புகிற ஊர் நம்ம ஊர். (இரண்டு சாரை பின்னிக்கொண்டு ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டுவது. கல்யாணம் இல்லை.) இந்த லட்சணத்தில் முட்டையைப் பார்த்து "சாரைதாண்ணே" என்று சொல்பவரை நம்பி பெட்டியை கட்டிலுக்கு அடியில் வைப்பீங்களா? நல்ல பாம்புக் குட்டி ஓட்டைக் கிழித்து வெளியே வரும்போதே விஷத்தோடுதான் வரும். பெட்டியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பென்சில் கனக் குட்டிக்கு அதுவே வாசல்.

கடி வாங்கினால் ஆண்டிவெனம் இருக்கே என்பார்கள். நம்ம ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கிடைப்பது நாலு பாம்புக்கானது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே டோஸ், ஏன்னா விஷம் ஆளுடைய எடை பார்த்து இறங்காது. அந்த மருந்தே சிலருக்கு உயிருக்கு ஆபத்தான அலர்ஜி தரும், அட்ரினலினை கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவோம். கடத்தி வந்த வேற நாட்டு விஷப்பாம்பு கடித்தால்? எங்களிடம் ஏற்ற மருந்தே இருக்காது. வருஷத்துக்கு சுமார் 58,000 பேரைப் பாம்புக்கடிக்குக் கொடுக்கிற நாடு இது. அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் தரையில் படுத்தும் கடி வாங்கிய ஏழைகள். அவர்களுக்கு வேற வழியில்லை. உங்களுக்கு இருந்தது.

காட்டுப் பாம்பின் முட்டையைக் கலைப்பதே சட்டப்படி வேட்டைக் கணக்கில் வரும், தெரியுமா? சுடணும், வெட்டணும்னு இல்லை. முட்டையைச் சிதைத்தாலும் கூட்டைக் கலைத்தாலும் வேட்டைதான்.

ஒன்று இரண்டு தப்பித்தால் என்ன ஆகிடும் என்று கேட்பவர்கள் ஃபுளோரிடாவைப் பாருங்க. வளர்ப்பவர்கள் விட்டதும், வீட்டிலிருந்து தப்பியதும், 1992 ஆண்ட்ரூ புயலில் உடைந்த பண்ணையிலிருந்து போனதுமாக பர்மியப் பைத்தான்கள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்கே பிடித்த ஒரு பெண் பாம்பின் வயிற்றில் மட்டும் வளரும் முட்டைகள் 122. ரக்கூன்கள் கிட்டத்தட்ட கண்ணிலேயே படாமல் போன இடங்கள் அங்கே உண்டு. கடைசியில் 2017ல் யாரைக் கூப்பிட்டார்கள்? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். இரண்டு வாரத்துக்குள் 13 பைத்தான் பிடித்துக் கொடுத்தார்கள் இருவரும். 2023ல் பத்மஸ்ரீ. அந்த மக்கள் 1978லிருந்து வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நான் ஏற்றுகிற ஆண்டிவெனம் அந்தக் கைகளில் தொடங்குவது. பாம்பு மேல பாசம்னு சொல்றவங்க அவர்களிடம் போய் ஒரு நாள் உட்காருங்க.

முட்டை கிடைத்தால் மண்ணை மூடி வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. ஏற்கெனவே வீட்டில் பாம்பு இருந்தால், யாருக்கு ஜுரம், வயிற்றுப்போக்கு என்று போனாலும் டாக்டரிடம் சொல்லுங்க. அந்த நேரத்தில் உங்கள் பேப்பர் எங்களுக்கு முக்கியமில்லை, எந்த மருந்து கொடுக்கணும் என்பதுதான் முக்கியம்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி மெசேஜ் பண்ணினார். குழந்தை நல்லா இருக்கு, நடக்க ஆரம்பிச்சிட்டான். "பாம்புக்குன்னு மாடியில தனி சிங்க் வச்சிட்டேன் டாக்டர்" என்றார்.

நான் கேட்டது சிங்க் இல்லை தம்பி.