கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குப் போவது யாருக்குச் சுலபம்?

"வேலை போனா என்னடா? கொஞ்ச நாள் அப்பா அம்மாவோட இரு. வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு. அடுத்த வேலைய நிதானமா தேடிக்கலாம்." ஐ.டி. நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடக்கும்போதெல்லாம் நண்பர்கள் சொல்லும் அறிவுரை இது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதற்குள் ஒரு பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, அதில் யார் வந்து தங்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள் என்று இந்த அறிவுரை எடுத்துக்கொள்கிறது. எத்தனை தலித் குடும்பங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது?

ஆறு வருடங்கள் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சில மாதங்களாகச் செம்பாக்கத்தில் என் பெற்றோருடன் இருக்கிறேன். வேளச்சேரி - தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் மாடி போர்ஷன். வாடகை வீடுதான். ஒன்பது வருடங்களாக அப்பா ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் ஒவ்வொரு முறையும் பேச்சில்லாமல் புதுப்பிக்கப்பட்டது. இந்த ஒன்பது வருடமும் 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்விக்கு என் பெற்றோர் பதில் சொல்லாமல் தப்பித்தே வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறியை ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கும் வீடு அது.

நான் வந்த இரண்டாவது வாரம் வீட்டு உரிமையாளர் அப்பாவிடம் கேட்டார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி எத்தன மாசம் இருப்பாரு? அந்த பைக்ல இருக்கிற ஸ்டிக்கர் அவரோடதா?" என் பைக்கில் அம்பேத்கர் படம் ஒட்டியிருக்கிறது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, சாதிப் பெயர் இல்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்தபோது, சொந்தக்காரர்கள் குடிவரப் போவதாகவும் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். இதை எந்தக் காவல் நிலையத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நீ ரெண்டு மாசத்துல போயிடுவ. நாங்கதான்டா இங்க இருக்கணும்." இதைச் சொன்னதும் ஒரு முற்போக்கு நண்பர், "உங்க அம்மா அப்பாவுக்கு அரசியல் புரிதல் வேணும், சாதிய மறைக்கிறது தப்பு" என்றார். இந்தப் பேச்சுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. தலைக்கு மேலே கூரை நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வாழ்கிறவர்களுக்குச் சொந்த வீட்டுக்காரர் நடத்தும் அரசியல் வகுப்பு இது. கேள்வி கேட்கிறவரை விட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாதவரிடம் வீரத்தை எதிர்பார்க்கிறோம்.

கூரையைக் காட்டிப் பணிய வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செம்பாக்கம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், 1891இல் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்கு உறுதியாக இல்லை என்பது அவர் எடுத்துக்காட்டிய கொடுமைகளில் ஒன்று. கூலி கேட்டாலும் எதிர்த்துப் பேசினாலும், குடிசையைக் காலி செய் என்று மிராசுதார் மிரட்ட முடிந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. மிராசுதார் போய்விட்டார். மிரட்டல் மட்டும் நாகரிகமான குரலில் தொடர்கிறது.

படித்து முன்னேறினால் இது மாறிவிடும் என்பவர்கள் 1917ஐ நினைத்துப் பார்க்கட்டும். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா அரசின் வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் ஒரு அறை கிடைக்கவில்லை. தான் யார் என்பதை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். நண்பர்களும் கைவிரித்தார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். பட்டம் அவருக்கு வேலையைத்தான் வாங்கித் தந்தது, வாடகைக்கு அறையை வாங்கித் தரவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஒரு பகுதியில் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியேறுவதையோ தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டுகிறவர் எந்த இடத்திலும் சாதியைச் சொல்வதில்லை. புரோக்கருக்குச் சொல்லாமலே புரியும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணம், ஒப்பந்தப் பதிவு, வெளியேற்றம் பற்றியெல்லாம் பேசுகிறது. சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பது பற்றி வாய் திறக்கவில்லை. உச்ச நீதிமன்றமோ 2005இல், அகமதாபாத்தின் ஒரு வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்த விதியைச் செல்லும் என்றது.

இது கற்பனைப் புகாரும் அல்ல. சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் வீடு தேடுவோரை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. தொலைபேசியில் கேட்டபோதே தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் வீடு மறுக்கப்பட்டது. கிடைத்தவர்களிலும் பலருக்குக் கூடுதல் நிபந்தனைகள் இருந்தன.

வேறு நாடுகள் இதைச் சட்டத்தால் எதிர்கொண்டிருக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், அமெரிக்காவில் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஒரே வருமானமுள்ள கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வீட்டைக் கேட்க அனுப்பி, பதில்களை ஒப்பிட்டு வழக்குப் போடும் முறை அங்கே இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லாமல் மறுக்கிறவரைப் பிடிக்க அதுதான் வழி. தமிழ்நாட்டில் அதைச் செய்ய என்ன தடை?

தாம்பரம் மாநகராட்சி 2021இல் உருவானபோது செம்பாக்கம் நகராட்சி அதில் இணைந்தது. அடுத்த ஆண்டு அதன் முதல் மேயராக ஒரு தலித் பெண், வசந்தகுமாரி, பொறுப்பேற்றார். இட ஒதுக்கீடு என்ற சட்டம் அந்த நாற்காலியைத் திறந்தது. மாடி போர்ஷனின் கதவைத் திறக்க அப்படியொரு சட்டம் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

எங்களில் சிலருக்கு ஊருக்குத் திரும்புவது உயிருக்கே ஆபத்து. சென்னை ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்த 27 வயது கவின், ஊருக்கு வந்திருந்தபோதுதான் 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும் அதே குரலில் வீடு மறுப்புக்கும் சட்டம் கேட்க வேண்டும். யார் எங்கள் வீட்டுக்குள் வரலாம் என்ற ஒரே கேள்விதான் இரண்டுக்கும் வேர்.

கடைசியாக, சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கும் தோழர்களுக்கு ஒன்று. 'கொஞ்ச நாள்தானே, எதுக்குச் சண்டை' என்று சாப்பாட்டு மேசையில் அமைதியாக இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மாடி காலியானால் யாருக்கு விடுவது என்று முடிவாவது அந்த மேசையில்தான். அங்கே எங்களுக்கு நாற்காலி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அம்பேத்கர் படத்தை நீங்கள் பைக்கில் ஒட்ட வேண்டாம். வாசலில் தொங்கும் 'சைவம் மட்டும்' பலகையைக் கழற்றுங்கள். வீடு கேட்டு வருகிறவரிடம் வாடகை, முன்பணம் தவிர வேறு கேள்வி கேட்கக் கூடாது என்று உங்கள் அப்பாவிடம் சண்டை போடுங்கள்.