தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா? ஆய்வுகளையே ஆய்வு செய்வது எப்படி?

பொள்ளாச்சின்னாலே இளநீரும் தேங்காய் எண்ணெயும்தான். அந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லதா என்று கேட்டால் மட்டும், ரெண்டு தரப்பும் 'ஆய்வே சொல்லுதே' என்கிறது.

2016-ல் ஒன்று, 2020-ல் ஒன்று எனப் பழைய சோதனைகளைத் திரட்டிய மதிப்பாய்வுகள் பல உண்டு. அவற்றையும் சேர்த்து எடைபோடுவதுதான் 'அம்ப்ரெல்லா ரிவ்யூ'.

சிக்கல் என்னன்னா, ஒரே சோதனை பல மதிப்பாய்வுகளில் இருக்கும். ஒரே ஆள் நாலு தடவை வந்தா நாலு சாட்சியா? அதனால் எது எதில் வருகிறது என்று முதலில் அட்டவணை போடுவார்கள். அப்புறம் 'ஆம்ஸ்டார்-2'-ன் 16 கேள்விகளால் ஒவ்வொன்றின் தரத்தையும் அலசுவார்கள்.

'சர்குலேஷன்' இதழின் 2020 மதிப்பாய்வில், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெயால் கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்குச் சுமார் 10 மி.கி. கூடியது, நல்ல கொழுப்பும் 4 மி.கி. கூடியது. அளந்தது கொழுப்பைத்தான், மாரடைப்பை அல்ல.