மிஞ்சிய நூலும் எமது நேரமும்

இடம்பெயர்ந்த குடும்பத்துப் பெண்ணுக்கு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் என்று முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் தையலும் பின்னலுமே. காணி வேண்டாம், கிணறு வேண்டாம். ஊசியும் நூலும் போதும் என்கிறார்கள். மிஞ்சிய நூலில் தொப்பி பின்னுவதும் அத்தகையதே. இதனை வேண்டாமென்று கூறுவது எமது நோக்கமல்ல. ஆனால் நூல் சும்மா கிடைத்தது என்பதற்காக, பின்னுகிற பெண்ணின் நேரமும் சும்மா கிடைத்ததாகிவிடாது.

முதலில் நன்மையைப் பார்ப்போம். பனையோலையில் பெட்டியும் பாயும் இழைத்த கைகளுக்குக் கண்ணி எண்ணிப் பின்னுவது இலகுவில் பிடிபடும். கொக்கி ஊசி ஒன்று போதும். உச்சியில் 6 கண்ணிகளுடன் தொடங்கி, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்த சுற்றில் 18 எனக் கூட்டிச் செல்ல வேண்டும். அளவு வந்ததும் கூட்டாமல் கீழிறக்கினால் தொப்பியாகிவிடும். பழைய சுவெற்றரைப் பிரித்தெடுத்த நூலானால், அதனைக் கழுவி நீட்டிக் காயவிட்டால் சுருள் நீங்கும்.

இத்தொப்பி முதலில் சேர வேண்டிய இடம் எமது பிள்ளைப்பேற்று வீடுகளே. பிறந்த குழந்தையின் உடம்பில் தலை பெரும் பங்கு. சூடு அதன் வழியே விரைவாக வெளியேறும். மார்கழி, தை மாதங்களின் பனியில், நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இது சிறிய விடயமல்ல. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978 இல் தொடங்கி உலகெங்கும் பரவிய, பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையிலும் தொப்பி அணிவிக்கப்படுகின்றது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர். பின்னல் இழுபடும் என்பதால் சற்றுச் சிறிதாகப் பின்னலாம். பொத்தான், மணி, கட்டும் நாடா எதுவும் வேண்டாம். பிள்ளை வியர்த்தால் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். செயற்கை நூல் நெருப்பில் உருகி ஒட்டும். ஆதலால் அடுப்படியில் கவனம் தேவை.

இனி விற்பனை. முல்லைத்தீவின் சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பி வாங்குபவர் யார்? குளிருக்குத் தொப்பி தேடுவோர், 1,800 மீற்றருக்கு மேல் உயரமான நுவரெலியா போன்ற இடங்களில்தான் இருக்கிறார்கள். அங்கு கொண்டுசெல்ல ஆள் யார், பஸ் செலவு யாருடையது என்பதைப் பயிற்சி தொடங்குமுன் கேளுங்கள். பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்த பின்பு கேட்டுப் பயனில்லை.

கணக்கும் எழுதுங்கள். ஒரு தொப்பிக்கு மூன்று மணித்தியாலம் சென்று, அது 300 ரூபாவுக்கு விற்றால், மணித்தியாலத்துக்கு 100 ரூபா. அதனைக் கச்சான் பிடுங்கும் நாட்கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து பிறருக்காக வேலை செய்பவரும் ஏனைய கூலியாட்களைப் போலவே நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1996 இல் ஒரு சமவாயத்தையே நிறைவேற்றியது. வீட்டு வேலைக்கு இடையில் செய்தது தானே என்று விலையைக் குறைப்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒவ்வொருவராகப் பேரம் பேசாமல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் ஒரே விலை சொல்வது மேலும் நல்லது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2017 இல் கேப்பாப்புலவு மக்கள் மாதக்கணக்காக வீதியோரத்தில் இருந்தது தமது சொந்தக் காணிக்காகவே. விவசாயக் குடும்பத்துக்கு நிலமே தொழில். பின்னல், மழை பெய்யும் நாளுக்கும், அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட நாளுக்கும் கைகொடுக்கும் துணைத் தொழில். தொழிற்பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று கூறிக் காணிக் கோப்பை மூடிவிட எவருக்கும் இடங்கொடுக்கக் கூடாது.

ஆகவே பின்னுங்கள். முதல் தொப்பியை அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். விற்பவற்றுக்கு உங்கள் நேரத்தையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.